ஏறி நிற்க ஒரு ஸ்டூல்

2006இல் திருச்சியில் என் இடது காலில் நரம்பு சுருட்டலுக்கு அறுவை செய்தார்கள். (நரம்பு என்பது நம் வாய்வழக்கு, பழுதாவது சிரை.) தொடையிடுக்கில் முடிச்சிட்டு, முழங்கால்வரை சிரையை உருவி எடுத்தார்கள். "வேரோடு எடுத்துவிட்டோம், இனி வராது" என்றார்கள். அதை நம்பித்தான் பர்மிங்ஹாமுக்கு விமானம் ஏறினேன். சென்ற குளிர்காலத்தில் அதே தொடையில் மறுபடி புடைத்தது.

அங்கே குடும்ப மருத்துவர் கடிதம் எழுதி, அது போய்ச் சேர்ந்து, மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஊரில் ஸ்கேன் எடுக்க ஏழு மணிக்கு டோக்கன் வாங்கினேன், எட்டரைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். நம் ஊரைப் போல வருமா என்று மனைவியிடம் பெருமையடித்துக்கொண்டே உள்ளே போனேன்.

"படுங்கள் சார்."

நிற்கும்போதுதானே ரத்தம் கீழே வழியும்? கெண்டைக்காலை அமுக்கி விட்டபின், அரை விநாடிக்கு மேல் ரத்தம் பின்னோக்கி ஓடினால், அதைத் திரும்பவிடாமல் தடுக்க சிரைக்குள் இருக்கும் வால்வு பழுது. இதைச் சொன்னேன். "எல்லாருக்கும் இப்படித்தான் எடுக்கிறோம் சார்." மூலையில் ஏறி நிற்க ஒரு ஸ்டூல் இருந்தது. அதன்மேல் யாருடைய டிபன் கேரியரோ இருந்தது. நானே எடுத்து வைக்கிறேன் என்றேன். "வெளியே இருபது பேர் இருக்கிறார்கள் சார்." மூன்று நிமிடத்தில் முடிந்தது. குறையேதும் இல்லை என்று அறிக்கை. கூடவே, லேசர் சிகிச்சைக்குச் சலுகை விலைச் சீட்டு! குறையில்லாத காலுக்கு எதற்கு லேசர் என்று கேட்டதற்கு வரவேற்பில் இருந்த பெண் சிரித்தாள்.

மறுநாள் ஒரு வயதான டாக்டரம்மாவிடம் போனேன். செருப்பை வாசலில் விடும் பழைய கிளினிக். "ஏறி நில் தம்பி" என்றார். ஐம்பத்திரண்டு வயதில் தம்பி! ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முடிச்சிட்ட இடத்தைச் சுற்றி மெல்லிய புதுக் குழாய்கள் திரையில் நெளிந்தன.

"முருங்கைக் கிளையை ஒடித்தால் துளிர்க்காமல் இருக்குமா? அன்று செய்தவர் மேல் குற்றமில்லை. லேசர் வைத்தாலும் திரும்ப வரலாம். வராது என்று சொன்னதுதான் தப்பு."

பிறகு, என்ன வேலை பார்த்தாய் என்று கேட்டார். துணிக்கடையில் எட்டு வருடம், நின்றபடியே. கடைகளில் ஊழியருக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021இல் சட்டம் வந்துவிட்டதே என்றார்.

அதே கடையில் இப்போது தங்கை மகள் இருக்கிறாள். அன்றிரவு கேட்டேன். நாற்காலி போட்டிருக்கிறார்களாம் மாமா. அதன்மேல் சேலைக்கட்டு அடுக்கியிருக்கிறதாம்.