ஏழு குளிர்காலம் தாண்டிய 14 அடி வள்ளம்

2018 கோடையில் ஒரு பழைய 14 அடி அலுமினிய வள்ளத்தை, 9.9 குதிரைவலு ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினோடும் ட்ரெய்லரோடும் வாங்கினேன். மே தொடங்கி அக்டோபர் வரை இங்கே கனடாவில் சிம்கோ ஏரியில் ஓடும். மிச்ச மாதமெல்லாம் ஸ்காபரோவில் எங்கள் வீட்டுப் பின்வளவில் வெறும் வானத்தின் கீழ் நிற்கும். கராஜில் இடமில்லை, காசு கட்டி உள்ளே வைக்க வசதியும் இல்லை. இப்படியே ஏழு குளிர்காலம் போய்விட்டது. பழுதானது, பிழைத்தது இரண்டையும் எழுதுகிறேன்.

ஊரில் வாடைக்காற்றுக்கு வள்ளத்தைக் கரையேற்றிக் கவிழ்த்துவிட்டால் சரி. அந்த நினைப்பில் முதல் வருடம் ஒரு நீலப் படங்கை மேலே விரித்து, இறுக்கிக் கட்டிவிட்டுப் பேசாமல் இருந்தேன். ஜனவரியில் ஒருநாள் மழை பெய்தது. படங்கின் நடுவில் குளம்போலத் தண்ணீர் தேங்கியது, இரவில் அது உறைந்தது, பாரம் தாங்காமல் படங்கு கிழிந்தது. அதன்பிறகு பெய்ததெல்லாம் வள்ளத்துக்குள். மார்ச் கடைசியில் பார்த்தால் தரைப்பலகை இரண்டு விரற்கடை மேலே எழும்பி நின்றது. அடியில் ஒரே ஐஸ். தண்ணீர் உறையும்போது கிட்டத்தட்ட 9 சதவீதம் பெருக்கும், அந்தத் தள்ளலில் இரண்டு ரிவெட் இளகிப்போயிருந்தன. பலகைக்குக் கீழிருந்த மிதவை ஃபோம் ஊறிக் கனத்துவிட்டது. அதை வெட்டி எடுத்துப் புதிதாக வைக்க ஒரு மாதம் போனது. வள்ளத்தின் பின்னடியில் இருக்கும் வடிகால் பிளக்கைக் கழற்றி, ட்ரெய்லரின் முன்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தி வைத்திருந்தால் உள்ளே போன தண்ணீரில் பெரும்பகுதி பின்னால் ஓடியிருக்கும். அலுமினியம் மைனஸ் 20-ஐயும் தாங்கும். உள்ளே தங்கிய தண்ணீரைத்தான் அதனால் தாங்க முடியாது.

இரண்டாவது வருடம் டூ பை ஃபோர் மரத்தில் அணியத்திலிருந்து பின்பக்கம் வரை ஒரு முகட்டுவளை போட்டேன், கூரைக்குப் போடுவது மாதிரி. சரிவு நன்றாகச் செங்குத்தாக இருக்க வேண்டும். மரத்தின் கூர்முனைகளுக்குப் பழைய கம்பளத்துண்டு சுற்றினேன். அதற்கு மேல் தடித்த சாம்பல்நிறப் படங்கு. இரண்டு முனையிலும் காற்றுப் போக வழி விட்டிருக்கிறேன், இல்லாவிட்டால் வசந்தத்தில் இருக்கையெல்லாம் பூஞ்சணம் பிடிக்கும். 2022 ஜனவரி 17-ஆம் தேதி பனிப்புயலில் ரொறன்ரோ பியர்சன் விமான நிலையத்தில் ஒரு அடிக்கு மேல் பனி கொட்டிய நாளில்தான் இந்தக் கூரைக்கு உண்மையான சோதனை. ஜன்னலால் பார்த்துக்கொண்டே நின்றேன். கொஞ்சம் சேர்ந்ததும் தானாகச் சறுக்கி விழுந்தது. ஈரப்பனி ஒரு அடி உயரத்துக்குத் தட்டையாகக் கிடந்தால் இந்த அளவு வள்ளத்தின் மேல் அரை டன் பாரம் ஏறும். அந்தச் சாம்பல் படங்கு நான்கு குளிர்காலம் உழைத்தது. நீலப் படங்கை இனி வாங்கவே மாட்டேன்.

எஞ்சினுக்கு நான் தவறாமல் செய்வது ஒன்று: கியர் ஆயிலைக் குளிருக்கு முன்பே மாற்றுவது. பலர் வசந்தத்துக்குத் தள்ளிவைக்கிறார்கள், அது பிழை. மூன்றாம் வருடம் கியர் பெட்டியின் கீழ்த் திருகைக் கழற்றியபோது ஆயில் பால்தேத்தண்ணி நிறத்தில் வந்தது. தண்ணீர் கலந்துவிட்டது என்று அர்த்தம். புரொப்பெல்லரைக் கழற்றினால் தண்டில் தூண்டில் தங்கூசி சுற்றி, தண்ணீர் உள்ளே போகாமல் தடுக்கும் சீலுக்குள் இறங்கி அதை அறுத்திருந்தது. அப்படியே விட்டிருந்தால் உள்ளே உறைந்து கியர் பெட்டியே வெடித்திருக்கலாம். ஒரு சிறிய சீலோடு போயிற்று. அப்புறம், எஞ்சினை நிமிர்த்தியே வைக்க வேண்டும். சாய்த்து வைத்தால் மழைத்தண்ணீர் எக்ஸோஸ்டுக்குள் தேங்கும்.

பெற்றோலில் எதனோல் இருக்கிறது, அது ஈரத்தை இழுக்கும். பெற்றோல் கெடாமல் வைக்கும் ஸ்டெபிலைசர் மருந்து ஊற்றி, தண்ணீர்க் குழாய் மாட்டிப் பத்து நிமிடம் ஓடவிடுகிறேன், மருந்து கார்பரேட்டர் வரை போகட்டும் என்று. ஏழு வசந்தத்திலும் எஞ்சின் மூன்றாவது இழுப்புக்குள் பிடித்திருக்கிறது. பற்றரி வீட்டு நிலவறையில். முழுச் சார்ஜில் இருந்தால் மைனஸ் 50-க்குக் கீழேதான் உறையும், இறங்கியிருந்தால் மைனஸ் 10 அளவிலேயே உறைந்துவிடும்.

எலிதான் இன்னும் தீராத தொல்லை. ரசகற்பூர (நப்தலீன்) உருண்டை போட்டும் ஒரு வருடம் லைஃப் ஜாக்கெட்டைக் கிழித்துக் கூடு கட்டி, வயரையும் கடித்து வைத்தது. இப்போது துணி, ஃபோம் எதையும் வள்ளத்தில் விடுவதில்லை. ஓட்டைகளில் ஸ்டீல் வூல் அடைக்கிறேன். இரண்டு வருடமாகக் கூடு இல்லை.

வடிகால் பிளக்கைப் பற்றி இன்னொன்று. 2022 ஜனவரி முதல் ஒன்ராறியோவில் வள்ளத்தைத் தரைவழியே கொண்டுபோகும்போது அது கழற்றியிருக்க வேண்டும் என்பது சட்டம். வரிச்சிப்பி போன்ற அந்நிய உயிரினங்கள் ஏரிக்கு ஏரி பரவாமல் இருக்கத்தான். ஆகவே மே மாதம் ஏரிக்கரையில் இறக்கும் இடத்தில்தான் அதைத் திரும்பப் பூட்ட முடியும். குளிர்காலம் முழுக்க எங்கள் பிளக் வேன் சாவிக் கொத்திலேயே தொங்குகிறது.