ஜாராக்கா, ரொம்பினா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் கூட்டாளிகளுக்குள், மீன் பிடிக்க மேற்கே மலாக்கா நீரிணையில் உள்ள ஜாராக் தீவுக்குப் போவதா, கிழக்குக் கரையின் கோலா ரொம்பினுக்குப் போவதா என்று வருஷா வருஷம் இதே சண்டை.

பயணம்: ஜாராக் தீவு என்றால் லுமுட்டில் படகு ஏறலாம், வேலை முடிந்து கிளம்பினாலே போதும். கோலா ரொம்பினுக்குத் தீபகற்பத்தையே குறுக்கே கடக்க வேண்டும். பெட்ரோல், டோல், ஒரு நாள் லீவு எல்லாம் போகும்.

தூக்கம்: ஜாராக்கில் குடியிருப்பும் இல்லை, கடையும் இல்லை, நடு நீரிணையில் படகிலேயே, ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் படுக்கை (குறட்டைக்காரரை முன்பக்கம் அனுப்பிவிடுங்கள்). ரொம்பினில் அறை எடுத்துத் தூங்கிவிட்டு, காலையில் போய் மாலையில் திரும்பலாம்.

மீன்: ரொம்பினில் மயில்மீன் துள்ளும்போது கை நடுங்கும், ஆனால் பிடித்ததைக் கடலிலேயே விடுவதுதான் அங்கே வழக்கம். வீட்டுக்காரம்மா குழம்புக்குக் காத்திருந்தால் ஜாராக்கில் கெராப்பு (களவா), சிவப்பு மீன் பாருங்கள்.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை கிழக்கே பருவக்காற்று, அப்போது ரொம்பின் வேண்டாம். கடல் மயக்கம் உள்ளவர் கூட வந்தால் ஜாராக் வேண்டாம்.