ஜப்பான் காருக்கு முற்பணம் கொடுக்கும் முன்: போலி ஒக்ஷன் ஷீட் பற்றிய எச்சரிக்கை

ஜப்பானில் இருந்து பாவித்த கார் இறக்குமதி செய்ய நினைக்கும் எல்லோருக்கும், குறிப்பாக இலங்கையின் வடக்கில் முகவர்களை நம்பிப் பணம் கட்டப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் அத்தான் ஓய்வுபெற்ற ஆசிரியர். பணிக்கொடையாகக் கிடைத்த பணத்தில் ஒரு வேகன் ஆர் எடுத்தார். முகவர் காட்டிய ஒக்ஷன் ஷீட்டில், அதாவது ஜப்பானிய ஏலப் பரிசோதனைத் தாளில், அது 4.5 தரம், 19,000 கிலோமீட்டர் ஓடிய கார். உண்மையில் அது முன்பக்கம் அடிபட்டுத் திருத்தப்பட்ட, 61,000 கிலோமீட்டர் ஓடிய வாடகைக் கார். வழக்கறிஞரின் சொற்படி அந்த நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. அவர்கள் செய்த வழியை மட்டும் விவரமாக எழுதுகிறேன், ஏனென்றால் அதே வழியில் இன்னும் பலரிடம் பணம் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் இலங்கையில் பழைய கார்களின் விலை எங்கே போனது என்று எல்லோருக்கும் தெரியும். அப்படிக் காத்துக் கிடந்தவர்களின் அவசரம்தான் இந்த முகவர்களின் முதலீடு. நேற்றுவரை வேறு தொழில் செய்தவர்கள்கூட இன்று அலுவலகம் திறந்து, சுவரில் ஜப்பானிய ஏல மண்டபங்களின் படங்களை ஒட்டி வைத்திருக்கிறார்கள்.

ஏலம் எப்படி நடக்கிறது என்று தெரிந்தால்தான் மோசடி புரியும். ஜப்பானில் பாவித்த கார்களில் பெரும்பகுதி வியாபாரிகளுக்கான ஏல மண்டபங்கள் வழியாகவே கைமாறுகிறது. அங்கே உறுப்பினர்கள் மட்டுமே கேட்க முடியும். ஆகவே நம்மவர்களுக்கு ஓர் ஏற்றுமதியாளரும் இங்கே ஒரு முகவரும் தேவைப்படுகிறார்கள். ஏலத்துக்கு முன் மண்டபத்தின் பரிசோதகர் காரைப் பார்த்து ஒரு தாள் எழுதுவார். அதுதான் ஒக்ஷன் ஷீட். மேல் மூலையில் தரம் இருக்கும். 4.5, 4, 3.5 என்று இறங்கிவரும். விபத்தில் சட்டகம் வரை அடிபட்டுத் திருத்தப்பட்ட கார்களுக்கு ‘ஆர்’ என்று போடுவார்கள். கீழே காரின் வரைபடத்தில் கீறலுக்கு ஏ, நெளிவுக்கு யூ, பூச்சு வேலை செய்த இடத்துக்கு டபிள்யூ, மாற்றப்பட்ட பாகத்துக்கு இரட்டை எக்ஸ் என்று குறிகள் இருக்கும். பரிசோதகர் ஜப்பானிய மொழியில் எழுதும் குறிப்புகளும் இருக்கும். வாடகைக்கு ஓடியதா, சொந்தப் பாவனையா என்பதற்குத் தனிக் கட்டம் உண்டு. அந்தப் பரிசோதகர் நேர்மையாகத்தான் எழுதுகிறார். அவர் எழுதிய தாள் நம் கைக்கு வருவதற்குள்தான் எல்லாம் நடக்கிறது.

எங்களுக்கு வட்ஸ்அப்பில் வந்த தாளில் ‘ஆர்’ இருந்த இடத்தில் 4.5 இருந்தது. இரட்டை எக்ஸ் குறிகள் அழிக்கப்பட்டிருந்தன. குறிப்புகள் இருக்க வேண்டிய பெட்டி ஏறக்குறைய வெறுமையாக இருந்தது. ஒவ்வொரு காருக்கும் தனியாக உள்ள அடையாள எண்ணான செசி இலக்கத்தின் கடைசி இலக்கங்கள் கறுப்புக் கோட்டால் மறைக்கப்பட்டிருந்தன. ஏன் என்று அத்தான் கேட்டபோது, “சேர், வேறு ஆட்கள் அந்தக் காரைப் பிடித்துவிடுவார்கள், அதனால்தான் மறைக்கிறோம்” என்றார் முகவர். கேட்பதற்கு நியாயம்போல இருக்கும் இந்தப் பதிலைத்தான் நீங்கள் நம்பக் கூடாது. முழுச் செசி இலக்கம் இருந்தால் சிறிய கட்டணத்தில் மூல ஏலத் தாளை இணையத்தில் எடுத்துப் பார்க்கலாம். அதைத் தடுக்கத்தான் அந்தக் கறுப்புக் கோடு.

மீட்டரைக் குறைத்திருந்தால் ஜப்பானியப் பதிவுகளில் தெரிந்துவிடாதா என்று பலர் கேட்கிறார்கள். பழைய கார் என்றால் தெரியும். ஜப்பானில் கட்டாயப் பரிசோதனையின்போது ஓடிய தூரத்தையும் பதிவு செய்கிறார்கள். ஆனால் புதிதாக வாங்கிய சொந்தப் பாவனைக் காருக்கு முதல் பரிசோதனை மூன்று ஆண்டு முடிவில்தான் வரும். வாடகைக் காருக்கு இரண்டு ஆண்டு முடிவில். நம் நாட்டில் இறக்குமதிக்கு அனுமதிக்கப்படும் பாவித்த கார்களோ மூன்று வயதுக்கு உட்பட்டவை. அதாவது நாம் வாங்கும் கார்களில் பெரும்பாலானவை ஒரு பரிசோதனையைக்கூடச் சந்திக்காதவை; அவற்றின் தூரம் அந்தப் பரிசோதனைப் பதிவில் ஏறியிருக்காது. அந்த இடைவெளியில் தூரத்துக்கு முக்கிய சாட்சி ஒக்ஷன் ஷீட்தான். அதைத் திருத்திவிட்டால் மீட்டரைத் திருத்தியவன் தப்பித்துவிடுகிறான்.

கார் அம்பாந்தோட்டையில் இறங்கி, வரி கட்டி, யாழ்ப்பாணம் வந்து சேர்ந்த பிறகு எங்கள் ஊர் மெக்கானிக் அண்ணைதான் கண்டுபிடித்தார். முன் மட்கார்ட் ஆணிகளில் ஸ்பானர் போட்டுக் கழற்றிய அடையாளம் இருந்தது. ரேடியேட்டரைத் தாங்கும் சட்டத்தில் தொழிற்சாலை வெல்டிங் இல்லை. ஓட்டுநர் பக்க சீட் பெல்ட்டின் அடியில் தைத்திருக்கும் சீட்டில் இருந்த ஆண்டு, மற்றப் பெல்ட்டுகளின் ஆண்டோடு ஒத்துப்போகவில்லை; விபத்துக்குப் பிறகு அந்தப் பெல்ட்டை மாற்றியிருக்கிறார்கள். “தம்பி, இந்தக் காரில் எயார்பேக் வெடித்திருக்கிறது” என்றார். அன்றே செசி இலக்கத்தை வைத்து மூலத் தாளை எடுத்தோம். இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த அக்கா அன்று சாப்பிடவே இல்லை. காரை விட, பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகவிருந்த வண்டி இது என்பதுதான் அவரை உலுக்கியது.

முகவரிடம் போனோம். அவர் கொஞ்சமும் பதறவில்லை. “ஜப்பானில் இருந்து வந்த தாளைத்தான் தந்தோம். இறக்குமதியாளர் நீங்கள்தான் ஐயா, எல்.சி. உங்கள் பெயரில் இருக்கிறது. நாங்கள் வாங்கியது சேவைக் கட்டணம் மட்டும்” என்றார். இந்த ஒழுங்கு தற்செயலாக அமைந்ததில்லை. எல்.சி., அதாவது ஏற்றுமதியாளருக்குப் பணம் கொடுப்பதாக வங்கி தரும் உறுதிக் கடிதம், உங்கள் பெயரில் திறக்கப்படும்போது சட்டத்தின் கண்ணில் காரை வாங்கி இறக்கியவர் நீங்கள். அவர் வெறும் உதவியாளர். வங்கியும் உங்களைக் காப்பாற்றாது. எல்.சி.யில் வங்கி பார்ப்பது ஆவணங்களை மட்டும். விலைப்பட்டியல், கப்பல் ஆவணம், பரிசோதனைச் சான்றிதழ் ஆகியவை கேட்டபடி இருந்தால் பணம் ஏற்றுமதியாளருக்குப் போய்விடும். காரின் நிலை வங்கிக்குச் சம்பந்தமில்லாத விடயம்.

சுங்கத்தில் கட்டியதும் திரும்பாது. உற்பத்தி வரி எஞ்சின் கொள்ளளவை வைத்துக் கணக்கிடப்படுகிறது; நல்ல காருக்கும் நொறுங்கித் திருத்திய காருக்கும் அதே தொகை. அதன்மேல் 18 வீதம் பெறுமதி சேர் வரி வேறு. ஏலத்தில் ‘ஆர்’ தரக் கார் எவ்வளவு மலிவாகப் போகும் என்று விசாரித்துப் பாருங்கள். அந்த வித்தியாசம் முழுவதும் யாருடைய சட்டைப்பைக்குப் போகிறது என்பது விளங்கும்.

ஆகவே முழுச் செசி இலக்கம் தர மறுப்பவருக்கு ஒரு ரூபாய்கூட முற்பணம் கொடுக்காதீர்கள். அவர் அனுப்பும் தாளை வைத்து முடிவெடுக்காமல், மூலத் தாளை நீங்களே எடுத்து, ஜப்பானிய மொழி தெரிந்த ஒருவரிடம் குறிப்புகளை வாசிக்கக் கொடுங்கள். ஒப்பந்தத்தில் தரம், தூரம், விபத்து இல்லை என்ற உறுதி, பொய்யானால் பணம் திருப்பித் தரும் பொறுப்பு ஆகிய நான்கையும் முகவரின் கையொப்பத்தோடு எழுதி வாங்குங்கள். ஓடிய தூரம் குறிப்பிடப்பட்ட பரிசோதனைச் சான்றிதழ் வேண்டும் என்பதை எல்.சி.யின் நிபந்தனையாகவே சேர்க்கச் சொல்லி வங்கியிடம் கேட்கலாம்.

இன்னொன்று. காகிதத்தில் விலையைக் குறைத்துக் காட்டி, விலையை வைத்துக் கணக்கிடும் வரிகளைக் குறைக்கலாம் என்று சொல்லி, விலையில் ஒரு பகுதியை வங்கிக்கு வெளியே உண்டியல் வழியாக அனுப்பச் சொல்வார்கள். அத்தான் மறுத்துவிட்டார். சம்மதித்த ஒருவரை எனக்குத் தெரியும். அவருடைய காரிலும் இதே கதைதான். ஆனால் காகிதத்தில் விலை பாதியாக இருப்பதால் அவர் முறைப்பாடு செய்யவே அஞ்சி வீட்டில் இருக்கிறார்.

நாங்கள் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கும் பொலிஸுக்கும் முறைப்பாடு கொடுத்திருக்கிறோம். ஆவணத்தைத் திருத்தியது குற்றவியல் விடயம் என்பதால் பொலிஸ் முறைப்பாடு முக்கியம் என்கிறார் வழக்கறிஞர். திருத்தப்பட்ட தாள் வந்த வட்ஸ்அப் செய்திகளை அழிக்காமல் வைத்திருந்தது இப்போது எங்கள் முதல் ஆதாரம். உங்களுக்கும் செசி இலக்கம் மறைத்த தாள் வந்திருந்தால் அந்த உரையாடலைப் பத்திரமாக வைத்திருங்கள். எல்.சி. இன்னும் திறக்கவில்லை என்றால் நாளை வங்கிக்குப் போகும் முன் மூலத் தாளை எடுத்துப் பாருங்கள்.