சியான் முஸ்லிம் தெரு டூர்: ஐந்துக்கு மூன்று

மலேசியாவில், சுங்கை சிப்புட் டவுனில் ஒரு டிராவல் ஏஜென்சி மூலம், தோட்டத்துக்காரர்கள் பன்னிரண்டு பேர் சீனாவில் உள்ள சியானுக்குப் போய் வந்தோம். சுமார் 14 கிலோமீட்டர் நீளும் மிங் காலத்து மதிலுக்கு முழுக் காலைப்பொழுது. மதிலுக்குள், முரசுக் கோபுரத்துக்குப் பின்னால் இருக்கும் ஹுய் எனும் சீன முஸ்லிம்களின் தெருக்களுக்கு ஒன்றரை மணி நேரம்தான். இது என்ன கணக்கு?

அங்கே யாங்ரோ பாமோ சாப்பிடாமல் வராதீர்கள். முதலில் கெட்டி ரொட்டியும் வெறும் கிண்ணமும்தான் வரும். நாமே பிய்த்துப் போட வேண்டும். நான் ரொட்டி சானாய் பிய்ப்பதுபோல் பிய்த்தேன். கடைக்கார அம்மா தலையை ஆட்டிவிட்டு, கடலைப்பருப்பு அளவில் பிய்த்துக் காட்டினார். நகம் வலித்தது. அப்புறம் கிண்ணத்தை உள்ளே கொண்டுபோய் ஆட்டுச் சூப்பில் கொதிக்கவைத்துத் தந்தார்கள். கடித்துக்கொள்ள, இனிப்பாய் ஊறிய பூண்டு. அடடா!

பெரிய பள்ளிவாசலில் குவிமாடத்தைத் தேடாதீர்கள். ஓடு வேய்ந்த சீனக் கூரைதான், மினாராகூட அடுக்குக் கோபுரம்தான். தொழுகைக் கூடத்துக்குள் முஸ்லிம்கள் மட்டும் போகலாம். கைடு கொடியை ஆட்டிக் கூப்பிட்டபோது, மரச்சுவரில் செதுக்கிய குர்ஆன் வசனங்களைப் பார்த்தபடி எங்கள் பாய் இன்னும் உள்ளேதான் இருந்தார்.

மதில் நேரத்தைக் குறைத்து இங்கே அரை நாள் கொடுத்தால், மறுபடியும் பெயர் கொடுப்பேன்.