வாஷர் மோட்டார்: ஒரிஜினலா, லோக்கலா, பழசா?

சாரல் காலத்தில், செங்கோட்டைப் பக்கம் புளியரை மலைப்பாதையின் எஸ் வளைவில் எம்-சாண்ட் லாரிக்குப் பின்னால் ஏறியவர்களுக்குத் தெரியும். நல்ல மழை என்றால் கண்ணாடி தானே கழுவிக்கொள்ளும். சாரலில், வைப்பர் ஓட ஓட சந்தனம் பூசின மாதிரி ஆகிவிடும். போன ஆடியில் எனக்கு அங்கேதான், முன்கண்ணாடியில் தண்ணீர் பீய்ச்சும் வாஷர் கைவிட்டது. லீவரை இழுத்தால் சத்தமே இல்லை.

சத்தம் வந்து தண்ணீர் வராவிட்டால் பெரும்பாலும் நாசில் அடைப்பு, இல்லை டியூப் கழன்றிருக்கும். மோட்டாரைத் தொட வேண்டாம். எனக்கு ஃப்யூஸ் சரி, கனெக்டரிலும் 12 வோல்ட் வந்தது. அப்புறம் சந்தேகம் என்ன, மோட்டார்தான்.

புனலூர்ப் பக்கம் வண்டி உடைக்கும் கடையில் பழசு கிடைக்கும் என்றார்கள். தண்ணீர் இல்லாமல் எத்தனை நாள் ஓடிய மோட்டாரோ! அந்த யோசனையை அதோடு விட்டேன்.

ஒரிஜினலுக்கு ஆர்டர் போட்டு நான்கு நாள் காத்திருக்கணும். தென்காசிக் கடையில் லோக்கல் கையிலேயே இருந்தது, விலையும் பாதிக்குக் கீழே. "ரெண்டும் ஒண்ணுதான் அண்ணாச்சி" என்றார் கடைக்காரர். மோட்டாரைப் பொறுத்தவரை அவர் சொன்னது பொய்யில்லை, தண்ணீரை நன்றாகவே பீய்ச்சியது. ஆனால் பின்கண்ணாடியில்! பின்னாலும் வைப்பர் உள்ள என் வண்டியில் ஒரே மோட்டாருக்கு இரண்டு வாய். அது சுற்றும் திசையைப் பொறுத்து தண்ணீர் முன்னே போகும், பின்னே போகும். லோக்கலில் கனெக்டர் பின் (pin) இரண்டும் இடம் மாறியிருந்தன. இரண்டு டியூபையும் இடம் மாற்றிச் செருகினேன், சரியாகிவிட்டது.

சரியாகாதது கழுத்து. வாஷர் தண்ணீர் டேங்கின் ஓட்டையில் இருக்கும் ரப்பர் புஷ்தான் மோட்டாரைக் கவ்விப் பிடிக்கிறது. லோக்கலின் கழுத்து ஒரு மயிரிழை மெலிசு. மறுநாள் காலை வண்டிக்கடியில் குட்டிக் குளம். கடைசியில் ஒரிஜினலையே, புது புஷ்ஷோடு, வாங்கினேன். இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன்.

கூலி கொடுக்க வேண்டுமா என்பது டேங்க் இருக்கும் இடத்தைப் பொறுத்தது. பம்பரைக் கழற்றியாக வேண்டிய வண்டி என்றால் மெக்கானிக்கிடமே விடுங்கள். எனக்கு ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்து, சக்கரத்துக்கு மேல் உள்ள பிளாஸ்டிக் தட்டியின் கிளிப்புகளை எடுத்ததுமே மோட்டார் வரை கை எட்டிவிட்டது. புஷ்ஷில் சோப்புத் தண்ணீர் தடவி, லேசாகத் திருகி அழுத்தினால் மோட்டார் உட்காரும். தட்டியை மாட்டுவதற்கு முன் டேங்கை நிரப்பி, கீழே பழைய பேப்பர் விரித்து, ஒரு டீ குடித்துவிட்டு வந்து பாருங்கள்.