வெள்ளித்தாள் அம்மனும் இரட்டைக் கட்டணமும்

டொரான்டோவுக்குத் திரும்ப ஆறு நாள் இருந்தது. அதற்குள் திருநெல்வேலி போய் அம்மாவைப் பார்த்துவிட வேண்டும். 2025 டிசம்பர் என்பதால் ரயிலில் இடமில்லை. சென்னை கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் போய் ஆம்னி பஸ் பிடி என்றான் தம்பி. நள்ளிரவு ஒரு மணிக்குப் பாட்டு அலறும் சாலையோரக் கடையில் தூக்கக் கலக்கத்தோடு இறக்கிவிடுவார்களே, அந்தச் சடங்கு போதும் என்று அவன் காரையே வாங்கிக்கொண்டு தனியாகக் கிளம்பினேன். 600 கிலோமீட்டருக்கு மேல்.

திருச்சி வரை சொல்ல ஒன்றுமில்லை. சமயபுரத்தில் இறங்கிக் கும்பிட்டேன். அப்பா இருந்தவரை அந்த வழியில் நிற்காமல் போனதில்லை. கடையில் வெள்ளித்தாளில் ஜொலித்த அம்மன் படம் ஒன்று வாங்கி, பார்வையை மறைக்காத இடமாகப் பார்த்து, பின்பக்கம் பார்க்கும் கண்ணாடிக்குப் பின்னால் ஒட்டினேன்.

அதன் பிறகு ஒரு சுங்கச்சாவடி. பெயர் வேண்டாம். தடுப்பு எழவில்லை. ஒரு பையன் கைக்கருவியோடு வந்து, காய்ச்சல் பார்ப்பதுபோல் காரின் நெற்றியில் நீட்டினான். "பாஸ்டேக் படிக்கவில்லை சார். ரொக்கம் என்றால் இரண்டு மடங்கு."

பாஸ்டேக் என்பது சுங்கக் கட்டணத்தைத் தானாகக் கழித்துக்கொள்ளும் ஒட்டுவில்லை. அதன் கணக்கில் பணம் இருப்பதைக் கைபேசியில் காட்டினேன். ஒழுங்கான பாஸ்டேக்கில் பணம் இருந்து, சாவடிக் கருவி பழுதாகிவிட்டால் கட்டணமில்லாமல் விட வேண்டும்; 2018 முதலே அப்படித்தான் விதி. கிளம்பும் முன் படித்து வைத்திருந்தேன், ஒப்பிக்க இடம் கிடைத்தது. அவன் பொறுமையாகக் கேட்டான். "மேற்பார்வையாளர் சாப்பிடப் போயிருக்கிறார் சார்."

பின்னால் ஹாரன் கச்சேரி. எங்கள் ஊரில் 407 நெடுஞ்சாலையில் சாவடியே கிடையாது. எண் பலகையைப் படம் பிடித்து வீட்டுக்குப் பில் அனுப்பிவிடுவார்கள். பில்லைப் பார்த்தால் நெஞ்சு அடைக்கும், அது வேறு கதை. ஆனால் நடுச்சாலையில் நின்று சட்டம் பேச வேண்டியதில்லை. (கனடாவை 'எங்கள் ஊர்' என்று எழுதிவிட்டேன். அம்மா படிக்க மாட்டாள்.)

அந்த நவம்பரிலிருந்து யுபிஐயில் கட்டினால் ஒன்றேகால் மடங்குதான் என்றிருந்தது. அந்த வசதி என் கைபேசியில் இல்லை. மூக்கு நுனி வரை வந்த கோபத்தோடு இரண்டு மடங்கைக் கொடுத்து ரசீதைப் பிடுங்கினேன். அப்போதுதான் பின்னால் நின்ற லாரியிலிருந்து இறங்கி வந்தார் ஓட்டுநர். தூத்துக்குடிப் பேச்சு. சண்டைக்கு வருகிறார் என்று நினைத்தேன். அவரோ என்னைப் பார்க்கவில்லை, கண்ணாடியைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, பாஸ்டேக் மேலேயே வெள்ளித்தாளை ஒட்டி வைத்திருக்கிறீர்களே, பிறகு எப்படிப் படிக்கும்?"

படத்தை உரித்தேன். பையன் கருவியை நீட்டினான். கீச்சென்று ஒலித்தது. "ரசீது அடித்தாகிவிட்டது சார்" என்றான், நான் கேட்பதற்கு முன்பே. பத்தொன்பது வயதுகூட இருக்காது. சட்டம் ஒப்பித்ததற்கு மன்னிப்புக் கேட்கத் தோன்றியது. லாரி மறுபடி ஹாரன் அடித்ததில் கேட்காமலே நகர்ந்துவிட்டேன்.

அடுத்த சாவடியில் நான் பிரேக்கை மிதிக்கும் முன்பே தடுப்பு எழுந்தது. சாத்தூரில் சேவு வாங்கினேன்.

வீட்டில் ரசீதைக் காட்டினேன். "ஆத்தாளுக்குக் காணிக்கை என்று நினைத்துக்கொள்" என்றாள் அம்மா. பணம் போனது அம்மனுக்கு இல்லை, சாவடிக்கு என்று விளக்க ஆரம்பித்தேன். "கை கழுவிவிட்டு வா" என்றாள்.