நர்ஸ் பிராக்டிஷனரா, பிசிஷியன் அசிஸ்டென்ட்டா?

அமெரிக்காவில் தொண்டை வலி என்று கிளினிக்குக்குப் போனால், டாக்டரைப் பார்க்காமலே மருந்துச் சீட்டோடு திரும்பலாம். எழுதிக் கொடுத்தவர் பெரும்பாலும் நர்ஸ் பிராக்டிஷனர் (மேற்படிப்பு முடித்த நர்ஸ்) அல்லது பிசிஷியன் அசிஸ்டென்ட் (டாக்டராகாமலே மருத்துவம் பார்க்கப் பயிற்சி பெற்றவர்). இரண்டு படிப்புமே 1965-இல் பிறந்தவை. முதலாவதைக் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்டு என்ற நர்ஸும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் தொடங்கினார்கள். மற்றது டியூக் பல்கலைக்கழகத்தில், கடற்படையில் மருத்துவ உதவியாளர்களாக இருந்தவர்களை வைத்து ஆரம்பித்தது.

நோயாளிக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. இருவரும் பரிசோதிப்பார்கள், ரத்தப் பரிசோதனைக்கு எழுதுவார்கள், மருந்தும் தருவார்கள். வித்தியாசம் உரிமத்தில்தான். நியூ மெக்சிகோவில் நர்ஸ் பிராக்டிஷனர் டாக்டரின் மேற்பார்வை இல்லாமல் சொந்தமாகவே கிளினிக் நடத்தலாம். பக்கத்து டெக்சாஸில் மருந்து எழுத ஒரு டாக்டரோடு ஒப்பந்தம் போட வேண்டும். அதே படிப்பு, அதே அனுபவம். எல்லை தாண்டினால் சட்டம் வேறு! பிசிஷியன் அசிஸ்டென்ட் பெரும்பாலான மாநிலங்களில் டாக்டரோடு சேர்ந்துதான் வேலை பார்க்கிறார்.

ஆனால் அவருக்குத் துறை மாறுவது சுலபம்: இன்று எலும்பு சிகிச்சை, அப்புறம் தோல் மருத்துவம். நர்ஸ் பிராக்டிஷனரோ குடும்ப நலம், குழந்தைகள், மனநலம் என்று படிக்கும்போதே ஒன்றைத் தேர்ந்துவிடுகிறார். மாற வேண்டுமானால் மறுபடியும் படிப்பு. ஏற்கெனவே நர்ஸாக இருப்பவர் நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பை விட்டு பிசிஷியன் அசிஸ்டென்ட் படிப்புக்குப் போகக் காரணமே இல்லை என்பேன், அறுவை அரங்கின் மேல் தீராத ஆசை இருந்தாலொழிய.